வறுமையும் இரக்கமும்: லூக்கா சுவிசேஷத்தை முன்வைத்து ஒரு நோக்கு

இயேசுவின் வறுமை கிறித்தவ சிந்தனையில் இருவகையாகப் பொருள் கொள்ளப்பட்டு வந்துள்ளது. ஆன்மிகத் தாழ்மையின் குறியீடாகக் காண்பது ஒன்று. சமூக நிலையாகக் காண்பது மற்றொன்று. இவற்றுள் எதனை ஏற்கின்றோம் என்பதைப் பொறுத்தே ஏழைகள்பாற் காட்டும் இரக்கத்தின் தன்மையும் அமையும் என்பது எமது கருத்து.

சுவிசேஷங்களே இவ்வேறுபாட்டிற்கு இடமளிக்கின்றன. மத்தேயு பேறுபெற்றோராகக் காட்டுவது உள்ளத்தில் எளியோரை. லூக்கா காட்டுவது அடைமொழியேதுமற்ற ஏழைகளை. அத்துடன் ஏழைகள், பசித்தோர், அழுவோர், வெறுக்கப்பட்டோர் ஆகியோருக்குரிய நான்கு ஆசிகளுக்கு எதிராக, செல்வர் முதலானோர் மீதான நான்கு கண்டனங்களையும் லூக்கா நிறுத்துகின்றார். ஒருவரது இன்மை மற்றவரது நிறைவுடன் வைத்தே நோக்கப்படுகின்றது. மேலும், இயேசு பிறந்தபின் அவர்தம் பெற்றோர் செலுத்தவிருந்த பலியாக அவர் குறிப்பிடுவது இரு புறாக்களை. ஆட்டுக்குட்டி கொடுக்க வசதியற்ற தாய்க்கு லேவியராகமம் விதித்த பலி அதுவாகும். எனவே இவ்வறுமையை வெறும் உருவகமாகக் கொள்ளுதல் பொருந்தாது.

இதனை நேர்ப்பொருளில் ஏற்பதன் விளைவை வரலாறு காட்டுகின்றது. 1226 இல் மறைந்த அசிசிப் பிரான்சிஸின் வழிவந்த துறவியர், கிறிஸ்துவும் அப்போஸ்தலரும் தனித்தோ பொதுவாகவோ எவ்வுடைமையும் கொண்டிருக்கவில்லை என 1322 இல் பெரூஜியாவில் அறிவித்தனர். மறு ஆண்டே பாப்பரசர் 22ஆம் யோவான் அக்கூற்றைப் பதிதக் கொள்கையெனக் கண்டித்தார். உண்டு தீரும் பொருளில் உபயோகத்தையும் உரிமையையும் பிரித்தல் இயலாது என்ற அவரது தருக்கம் வலுவற்றதன்று. ஆயினும் ஒன்று தெளிவு: தருமம் செய்தல் அங்கு சர்ச்சைக்குரியதாகவே இருக்கவில்லை, உடைமை பற்றிய வினாவே சர்ச்சையாயிற்று.

1968 இல் கொலம்பியாவின் மெடலின் நகரிற் கூடிய இலத்தீன் அமெரிக்க ஆயர்கள் இச்சிக்கலைத் தெளிவுபடுத்தினர். பொருள் வறுமை தீமை. ஆன்மிக வறுமை இறைவன்பாற் திறந்த மனநிலை. ஏழைகளோடு ஒன்றிநிற்க விரும்பி ஏற்கும் வறுமை மூன்றாவது வகை. குஸ்தாவோ குட்டியேரஸ் 1971 இல் வெளியிட்ட விடுதலை இறையியல் நூல் இப்பாகுபாட்டை மேலும் விரித்தது. இதன்படி இயேசுவின் வறுமையைப் போற்றுவதும் ஏழையின் வறுமையை எதிர்ப்பதும் ஒரே நிலைப்பாட்டின் இரு பக்கங்களாகின்றன.

இப்பாகுபாடு மறக்கப்படும்போது, வறுமையைப் புகழ்தல் ஏழைக்குப் பொறுமையைப் போதிப்பதாகவும், இரக்கம் கொடுப்போனின் மனநிறைவாகவும் சுருங்கிவிடுகின்றன. லூக்காவின் ஆசிகளை அவரது கண்டனங்களோடு சேர்த்து வாசித்தல் அதனாலேயே அவசியமாகின்றது.