ஒரு பொருளுக்கு ஒரு பெயர்

இலக்கிய விமரிசனம் என்றால் கவிதை, நாவல், சிறுகதை ஆகியவற்றோடு அதன் எல்லை முடிந்துவிடுகிறது என்று நம்மிற் பலர் கருதிவிட்டோம். ஆனால் இன்றைய சமுதாய வாழ்வை நடத்தும் உரைநடையிற் பெரும்பகுதி இவ்வெல்லைக்குப் புறத்தேதான் எழுதப்படுகிறது. சட்டமும் சுற்றறிக்கையும் கணக்கேடும் அத்தகையன. அவ்வரிசையில் புதிதாகச் சேர்ந்திருப்பது கணினித்துறையின் கைநூல். அதனைப் படிப்பவன் சுவைப்பதற்காகப் படிப்பதில்லை. படித்த கணமே ஒரு காரியத்தைச் செய்வதற்காகப் படிக்கிறான். அங்கே சொல் தவறினால் செயலும் தவறும். ஆகவே அந்த உரைநடையும் விமரிசகனின் பரிசீலனைக்கு உரியதே.

அவ்வகைக் கைநூல்களுள் தரவுத்தளக் கொத்தணி பற்றியவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம். தகவல்களை ஒழுங்குபடுத்திச் சேமித்துவைக்கும் ஏற்பாடே தரவுத்தளம். வங்கிக் கணக்கு முதல் பரீட்சைப் பெறுபேறு வரை இன்று அதிலேதான் தங்கியுள்ளன. ஒரு கணினி பழுதுற்றாலும் பணி நின்றுவிடாதிருக்க, ஒரே தரவைப் பல கணினிகளில் வைத்து அவற்றை ஓரணியாக இயக்குவர். இதுவே கொத்தணி. பெரும்பாலான கொத்தணிகளில் ஒரு சேவையகம் மட்டுமே புதிய பதிவுகளை ஏற்கும். ஏனையவை அப்பதிவுகளை அதனிடமிருந்து பெற்றுத் தம்மிடமும் எழுதிக்கொள்ளும். முன்னது வீழ்ந்தால் பின்னவற்றுள் ஒன்று அதன் இடத்தை ஏற்கும். இக்கட்டுரையில் முன்னதை 'முதன்மை' என்றும் பின்னதைப் 'பிரதி' என்றும் வழங்குவோம்.

ஏற்பாடு எளியது, அதற்கு வழங்கும் பெயர்களோ பல. முதன்மையை ஒரு கைநூல் 'பிரைமரி' என்கிறது. மற்றொன்று 'சோர்ஸ்' என்கிறது. 'லீடர்', 'மாஸ்டர்' என்பனவும் உண்டு. பிரதிக்கு 'ரெப்ளிக்கா', 'ஸ்டான்ட்பை', 'செகண்டரி', 'ஃபாலோவர்', 'ஸ்லேவ்' என ஐந்து பெயர்களாவது வழங்குகின்றன. நிறுவனத்துக்கு நிறுவனம் பெயர் வேறுபடுவதை ஒருவாறு பொறுத்துக்கொள்ளலாம். ஒரே கைநூலின் ஓர் அதிகாரத்தில் ஒரு பெயரும் அடுத்த அதிகாரத்தில் வேறொரு பெயரும் வந்தால் என்ன செய்வது? நள்ளிரவில் பழுது நீக்க அமர்ந்திருக்கும் ஊழியன், இவை இரண்டும் ஒன்றா, வேறா என்று திகைக்கிறான். ஒன்று என்று நினைத்து அழித்தது வேறொன்றாக இருந்தால், அழிந்தது திரும்பி வராது.

இங்கே நமது மரபை ஒரு கணம் எண்ணிப்பார்க்க வேண்டும். திவாகரம், பிங்கலம், சூடாமணி முதலிய நிகண்டுகள் ஒரு பொருளுக்குரிய பல பெயர்களையும், ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களையும் தொகுத்து வைத்தன. எதுகைக்கும் மோனைக்கும் சொல் தேடும் புலவனுக்கு அது பெருஞ்செல்வம். அந்தச் செல்வத்தின் நிழலிலேதான் நமது கட்டுரைப் பாடமும் நடக்கிறது. சொன்ன சொல்லையே திரும்பவும் எழுதிய மாணவனைக் கண்டிக்கிறோம். மாற்றி மாற்றி எழுதியவனைப் பாராட்டுகிறோம். நன்னூலார் வகுத்த பத்துக் குற்றங்களுள் 'கூறியது கூறல்' நம் நினைவில் நிற்கிறது. அதே பட்டியலிலுள்ள 'மயங்க வைத்தல்' மறந்துபோகிறது. கைநூல் எழுதுபவன் அஞ்ச வேண்டியது பின்னதற்கே. ஒரே பெயரை நூறு முறை எழுதுவது அவனுக்குக் குற்றமன்று. அதுவே அவனது அறம். பெயரை மாற்றினால் பொருளும் மாறிவிட்டது என்று வாசகன் கொள்வதற்கு உரிமையுண்டு.

நிகண்டின் மற்றப் பகுதியையும் பார்ப்போம்: ஒரு சொல், பல பொருள். போஸ்ட்கிரெஸ் என்னும் புகழ்பெற்ற தரவுத்தள மென்பொருளின் கைநூலில் 'கிளஸ்டர்', அதாவது கொத்தணி என்ற சொல், உலகம் வழங்கும் பொருளில் வருவதில்லை. ஒரே சேவையகத்தின் ஆளுகையிலுள்ள பல தரவுத்தளங்களின் தொகுதியையே அது அவ்வாறு அழைக்கிறது. ஒரே கணினி இருந்தாலும் அங்கே கொத்தணி உண்டு! போதாக்குறைக்கு, ஓர் அட்டவணையின் வரிசைகளை ஒழுங்குமாற்றி அடுக்கும் கட்டளைக்கும் அதே பெயர். 2020இல் வெளிவந்த அதன் 13ஆம் பதிப்பிலேதான் சொல்விளக்கப் பட்டியல் ஒன்று கைநூலிற் சேர்க்கப்பட்டது. ஒன்றை மற்றொன்றாக மயங்க வேண்டாம் என்று அப்பட்டியலே எச்சரிக்கிறது. 'மாஸ்டர்' என்ற பழைய பெயரைத் தேடி வருபவரை 'பிரைமரி' என்ற பெயருக்குத் திருப்பிவிடுகிறது. காலந்தாழ்ந்த பணியாயினும் நேர்மையான பணி.

பெயரால் விளைந்த நட்டத்துக்கும் அதே மென்பொருளில் சான்றுண்டு. தரவைக் காக்கும் இன்றியமையாத பதிவுகள் இருந்த கோப்புறைக்கு முன்னர் 'எக்ஸ்லாக்' என்று முடியும் பெயர் இருந்தது. 'லாக்' என்றால் வெறும் நாட்குறிப்பு, வேண்டாதபோது அழிக்கத்தக்கது என்றே ஊழியர்கள் எண்ணினர். இடம் போதாமற் போனபோது சிலர் அதனை அழித்தனர். மீட்க முடியாதபடி தரவு அழிந்தது. 2017இல் வந்த 10ஆம் பதிப்பில் 'வால்' என்று முடியும்படி அப்பெயரை மாற்றினர்; இத்தகைய அழிவைத் தடுக்கவே மாற்றியதாக வெளியீட்டுக் குறிப்பிலும் எழுதினர். பெயர் வெறும் பெயர்தானே என்பவர்கள் இந்த நிகழ்ச்சியைச் சிந்திக்கட்டும்.

இந்த உண்மையை விளங்கிக்கொள்ளத் தலவாக்கலையிலும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் வாழும் மக்களுக்குக் கணினி வேண்டியதில்லை. இங்கே 'பேர்' என்பது ஒரு நாட் கூலி. செக்ரோலில் பேர் விழுந்தால் சம்பளம் உண்டு. பறித்த கொழுந்து குறிப்பிட்ட கிலோவுக்குக் குறைந்தால் 'அரைப்பேர்'. அந்தக் கிலோ எவ்வளவு என்பது தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடும். ஒரே தோட்டத்திலும் காலத்துக்குக் காலம் வேறுபடும். 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபா என்று தீர்மானிக்கப்பட்டபின் பல தோட்டங்களில் இந்த அளவு கூட்டப்பட்டதாகத் தொழிற்சங்கங்கள் முறையிட்டன. சொல் அப்படியே இருந்தது. சொல்லின் பொருள் நகர்ந்தது. சொல்லின் பொருளை நகர்த்தும் அதிகாரம் ஒருவரிடமும், அதனால் வரும் இழப்பு இன்னொருவரிடமும் இருக்கும்போது, கலைச்சொல்லின் ஒருமைப்பாடு இலக்கணப் பிரச்சினையாக மட்டும் இருப்பதில்லை; நீதிப் பிரச்சினையும் ஆகிறது.

இனி மிகவும் சர்ச்சைக்குள்ளான சோடிக்கு வருவோம்: 'மாஸ்டர்', 'ஸ்லேவ்', எசமான், அடிமை. முதன்மைக்கும் பிரதிக்கும் நெடுங்காலமாக இப்பெயர்களே வழங்கின. 2003ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் மாவட்ட நிர்வாகம் தனக்குக் கருவி விற்பவர்களிடம் இச்சொற்களைத் தவிர்க்குமாறு கேட்டது. அன்று பலர் நகைத்தனர். 2020இல் அந்நாட்டில் கறுப்பின மக்களின் பேரெழுச்சிக்குப் பின்னரே பெரிய நிறுவனங்கள் பல அசைந்துகொடுத்தன.

மாற்றத்தை எதிர்ப்போரின் வாதங்கள் இரண்டு. இயந்திரத்துக்கு இட்ட பெயரால் எந்த மனிதன் புண்படுகிறான் என்பது முதலாவது. 1833ஆம் ஆண்டின் பிரித்தானிய அடிமை ஒழிப்புச் சட்டம் இலங்கையைத் தன் எல்லைக்கு வெளியே நிறுத்தியது. ஏறத்தாழ அதே காலத்திலிருந்துதான் தென்னிந்தியாவிலிருந்து இம்மலைகளுக்கு, முதலிற் கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்குமாக, மக்கள் கொண்டுவரப்பட்டனர். அவர்கள் அடிமைகள் என்று பதியப்படவில்லை. 'கூலிகள்' என்று பதியப்பட்டனர். உழைப்புக்குரிய ஊதியத்தின் பெயரே உழைப்பவனின் பெயராயிற்று. ஏட்டிலே எழுதப்பட்ட சொல் தலைமுறைகளின் தோளில் எவ்வாறு ஏறி அமர்கிறது என்பதை அந்த மக்களின் பிள்ளைகளுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. மேலும், அச்சொற்கள் விளக்கத்துக்கும் உதவுவதில்லை. எந்த அடிமையும் எசமான் வீழ்ந்தவுடன் எசமானாவதில்லை, பிரதியோ முதன்மையாகிறது. உவமையே பொருந்தாதபோது அதனைக் கட்டிக் காப்பதேன்?

இரண்டாவது வாதம் கனமானது. பழைய பெயர் ஆயிரக்கணக்கான நூல்களிலும் கட்டளைகளிலும் ஊறிவிட்டது. மாற்றினால் ஒருமைப்பாடு குலையும் என்பது அது. இதற்கு விடை நடைமுறையில் உள்ளது. மைஎஸ்க்யூஎல் என்னும் தரவுத்தள மென்பொருளின் ஆக்குநர் 2020 ஜூலையில் மாற்றத்தை அறிவித்தனர். அவ்வாண்டு ஒக்டோபரில் வந்த 8.0.22 பதிப்பில் 'ஸ்டார்ட் ஸ்லேவ்' என்ற கட்டளைக்கு ஈடாக 'ஸ்டார்ட் ரெப்ளிக்கா' வந்தது. பழைய கட்டளை உடனே சாகவில்லை. வழக்கொழியப் போகிறது என்ற எச்சரிக்கையுடன் சில காலம் இயங்கியது. 2024 ஏப்ரலில் வந்த 8.4 பதிப்பில் நீக்கப்பட்டது. கைநூலும் கட்டளையும் சேர்ந்தே மாறின. ஒருமைப்பாட்டைக் குலைக்காமலே பெயரை மாற்றலாம் என்பதற்கு இது சான்று.

இதற்கு மாறான சான்றும் உண்டு. ரெடிஸ் என்னும் தரவுத்தள மென்பொருள் 2018இல் தனது 5ஆம் பதிப்பில் 'ஸ்லேவ்' என்பதை 'ரெப்ளிக்கா' ஆக்கியது. 'மாஸ்டர்' என்பதை விட்டுவைத்தது. மென்பொருள் தன் நிலையை அறிவிக்கும் வரிகளிலும் பழைய சொல்லே தொடர்ந்தது. பழைய நிரல்கள் முறிந்துவிடக் கூடாது என்ற காரணத்தை மறுப்பதற்கில்லை. ஆயினும் விளைவு யாது? கைநூலிற் பிரதி, திரையில் அடிமை. படிப்பவன் இரு பெயரையும் கற்க வேண்டியவனாகிறான். பாதி மாற்றம் பழைய அநீதியையும் நீக்குவதில்லை; பழைய தெளிவையும் விட்டுவைப்பதில்லை.

இத்தகைய பாதி மாற்றம் நமக்குப் பழக்கமானதே. 1972இலும் 1975இலும் வந்த நிலச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குச் சென்றது. கடிதத் தலைப்பில் 'முகாமையாளர்' என்று அச்சாகியது. மலையில் அவர் இன்னமும் 'துரை'. 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு இம்மக்களை 'இந்தியத் தமிழர்' என்று தனியே பிரித்தது. நூறாண்டுக்கு மேலாகியும் 2024ஆம் ஆண்டு மதிப்பீட்டில் 'மலையகத் தமிழர்' என்ற பெயர் தனித்து நிற்கவில்லை. பழைய பெயரை அருகில் வைத்துக்கொண்டே இடம்பெற்றது. பெயர் மாறியதால் மட்டும் வீடும் காணியும் வந்துவிடா என்பது மெய்யே. ஆனால் பெயரைக்கூட முழுதாக மாற்ற மனமில்லாதவர்கள் வேறெதனை முழுதாக மாற்றுவார்கள்?

நிற்க. பிறருடைய கைநூலில் குற்றங் காணும் நாம் நமது தமிழை எவ்வாறு வைத்திருக்கிறோம்? 'சேவையகம்' என்பது இங்கே. 'வழங்கி' என்பது தமிழகத்தில். 'கணினி' என்பாரும் உளர். 'கணிப்பொறி' என்பாரும் உளர். கொத்தணியைக் 'கொத்து' என்றும் 'திரள்' என்றும் சொல்லலாம். பௌதிகவியலும் இயற்பியலும், இரசாயனவியலும் வேதியியலும் ஏற்கெனவே பாக்கு நீரிணையின் இரு கரைகளிலும் பிரிந்து நிற்கின்றன. இணையத்தில் ஒரு கரையின் பாடத்தைத் தேடும் தோட்டப்புற மாணவனுக்கு மறு கரையின் பாடம் வந்து வாய்க்கிறது. தனக்குத் தெரிந்த பொருளையே தெரியாத பொருள் என்று எண்ணி அவன் அதனை விட்டு விலகுகிறான். தனிப்பாட வகுப்புக்குச் செல்ல வசதியுள்ளவனுக்கு இரு பெயரையும் எடுத்துச் சொல்ல ஆள் உண்டு. இல்லாதவனுக்கு நூல் ஒன்றே ஆசிரியர்.

முன்னோர் இப்பணியின் அருமையை உணர்ந்திருந்தனர். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கியதோடு கலைச்சொற் பட்டியல்களையும் ஆக்கினார். 1916இல் இராஜாஜியும் வெங்கடசுப்பையரும் சேலத்தில் தமிழ்ச் சாஸ்திர பரிபாஷைச் சங்கத்தைத் தொடங்கினர். இந்நாட்டில் தாய்மொழிக் கல்வி வந்தபின் அரசகரும மொழித் திணைக்களம் பாடந்தோறும் சொற்றொகுதிகளை வெளியிட்டது. அவர்கள் ஆக்கிய எல்லாச் சொற்களும் நிலைக்கவில்லை. ஆனால் சொற்களை முதலில் முடிவுசெய்து, பின்னர் நூலை எழுத வேண்டும் என்ற ஒழுங்கு நிலைக்கத்தக்கது.

அந்த ஒழுங்கிலிருந்து சில விதிகள் தாமே பிறக்கின்றன. கைநூலுக்கு முன் சொற்பட்டியல். ஒரு பொருளுக்கு ஒரு பெயர். ஒரு பெயருக்கு ஒரு பொருள். வேறு பெயர் வழக்கில் இருந்தால் பட்டியலில் ஒரு முறை சுட்டி, தெரிந்த பெயருக்கு வழிகாட்டி, அங்கேயே நிறுத்திவிட வேண்டும். தீய பெயரை மாற்றுவதாயின் நாள் குறித்து, கட்டளை வரை, திரை வரை, பாடநூலின் கடைசிப் பக்கம் வரை மாற்ற வேண்டும். யாவற்றுக்கும் மேலாக, அச்சொற்களைக்கொண்டு வேலை செய்பவர்கள் அவற்றை ஆக்கும் சபையில் அமர வேண்டும்.

இந்த இறுதி விதிதான் கடினமானது. மற்றவை அறிவைக் கேட்கின்றன; இது அதிகாரத்தைப் பங்கிடுமாறு கேட்கிறது. ஆசிரியர்களும் மாணவர்களும் இதனை மேலிருந்து வரும் சுற்றறிக்கைக்காகக் காத்திருந்து செய்ய வேண்டியதில்லை. தமிழ் கற்பிப்பவரும் கணினி கற்பிப்பவரும் ஒரே பாடசாலையில் அடுத்தடுத்த அறைகளில் இருக்கிறார்கள். இருவரும் ஒரு மேசையில் அமர்ந்து, மாணவர்களையும் உடன் அமர்த்தி, நூறு சொற்களுக்கு ஒரு பட்டியலை ஆக்கி, அடுத்த பாடசாலையின் பட்டியலோடு ஒப்பிட்டுத் திருத்தட்டும். 'பேர்' என்ற சொல்லின் பொருளைப் பிறர் நகர்த்தியதால் இழந்தவர்களின் பிள்ளைகள், வருங்காலத்தின் ஏடுகளில் எந்தச் சொல் எந்தப் பொருளைக் குறிக்கும் என்று தீர்மானிப்பவர்களுள் தாமும் ஒருவராக இருப்பது நியாயமே.