தோலும் தாளும்: சுன்னத் விவாதத்தைப் புதுச்சேரியில் நின்று வாசித்தல்

1

2023 மார்ச் 28 அன்று கேரள உயர்நீதிமன்றம் ஒரு பொதுநல மனுவைத் தள்ளுபடி செய்தது. மருத்துவக் காரணம் இல்லாமல் குழந்தைகளுக்குச் சுன்னத் செய்வது அவர்களுடைய அடிப்படை உரிமையை மீறுகிறது, அதைச் சட்டவிரோதம் என்று அறிவிக்க வேண்டும் என்பது கோரிக்கை. போட்டவர்கள் மதமற்ற குடிமக்கள் என்ற பெயரில் இயங்குகிறவர்கள். பத்திரிகைச் செய்திகளை வைத்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள், சட்டம் இயற்றுவது நீதிமன்றத்தின் வேலை இல்லை என்று சொல்லித் தலைமை நீதிபதி எஸ். மணிகுமார், நீதிபதி முரளி புருஷோத்தமன் அமர்வு கோப்பை மூடிவிட்டது.

கோப்போடு சேர்ந்து பேச்சும் மூடப்பட்டதுதான் பிரச்சினை. இந்த விஷயம் தலைகாட்டும்போதெல்லாம் நமக்குக் கேட்பது மூணு குரல். 'பார்த்தீர்களா இவர்களை' என்கிற பெரும்பான்மைவாதக் குரல். 'மார்க்க விஷயத்தில் வெளியாள் மூக்கை நுழைக்காதே' என்கிற ஜமாஅத் குரல். 'இப்ப இதைப் பேசினால் எதிரிக்குத்தான் லாபம்' என்கிற முற்போக்குக் குரல். மூன்றும் பெரியவர்களின் குரல்கள். கத்தி யார்மேல் படுகிறதோ அந்தப் பிள்ளைக்கு மூன்றிலும் இடம் இல்லை.

இதை எழுதுபவன் சுன்னத் செய்யப்படாத, இந்து என்று பதிவேட்டில் ஏறிய உடம்போடு எழுதுகிறான். அந்த இடத்தில் நின்றுகொண்டு எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்பதும் சேர்ந்துதான் இங்கே கேள்வி.

2

சொல்லிலிருந்து தொடங்குவோம். சுன்னத் என்றால் நபிவழி. தொழுகையிலும் சுன்னத் உண்டு. ஆனால் தமிழ்ப் பேச்சில் அது சுருங்கி ஒரே ஒரு காரியத்தின் பெயராகிவிட்டது. வீட்டுக்குள் அது கல்யாணம்: சுன்னத் கல்யாணம், மார்க்கக் கல்யாணம். பையனுக்குப் புதுத்துணி, மாலை, ஊர்வலம், விருந்து. வாசலைத் தாண்டினால், பள்ளிக்கூடத்திலும் டீக்கடையிலும், அதே காரியம் கேலியாகவும் வசவாகவும் மாறிவிடுகிறது. அந்த வசவுகளை இங்கே எழுத வேண்டியதில்லை, எல்லாருக்கும் தெரியும். விவிலியத் தமிழில் அதுவே விருத்தசேதனம். எட்டாம் நாளில் இயேசுவுக்கும் அது நடந்தது. கத்தோலிக்கத் திருச்சபை 1960 வரை ஜனவரி 1ஐ அந்த நிகழ்வின் திருநாளாகவே தன் நாள்காட்டியில் வைத்திருந்தது. நம் ஊர்க் கடற்கரையில் புத்தாண்டு ராத்திரி கூடுகிற கூட்டத்திடம் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள்.

ஒரே வெட்டு. ஓரிடத்தில் கல்யாணம், ஓரிடத்தில் வசவு, ஓரிடத்தில் திருநாள். 'தோல்தானே, அறிவியல் என்ன சொல்கிறது என்று பார்த்தால் போதும்' என்கிற பகுத்தறிவு நண்பர்கள் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். உடம்பு நமக்கு வெறும் உடம்பாகக் கிடைப்பதில்லை. சொல்லாடல்களுக்குள் புரண்டு எழுந்துதான் கைக்கு வந்து சேர்கிறது.

இன்னொரு பக்கம், 'மார்க்கம் சொல்கிறது' என்கிற வாக்கியமும் ஒற்றைக்கல்லில் செதுக்கியது கிடையாது. குர்ஆனில் சுன்னத் பற்றி நேரடி வசனம் இல்லை. ஹதீஸ்களில், நகம் வெட்டுவது, மீசை கத்தரிப்பது ஆகியவற்றோடு மனித இயல்பின் தூய்மைகள் என்ற பட்டியலில் வருகிறது. கடற்கரை மரைக்காயர்களில் பெரும்பாலோர் பின்பற்றுகிற ஷாஃபி மத்ஹப் அதைக் கட்டாயம் என்கிறது. ராவுத்தர்களில் பெரும்பாலோர் பின்பற்றுகிற ஹனஃபி மத்ஹபில் அது வலியுறுத்தப்பட்ட நபிவழி. முக்கியமான இடம் இதுதான்: கட்டாயம் என்று சொல்கிற ஷாஃபி சட்ட நூல்களிலேயே அந்தக் கட்டாயம் ஒருவன் பருவமடைந்த பிறகுதான் அவன்மேல் விழுகிறது. ஏழாம் நாளில் முடித்துவிடுவது நல்லது என்பது பரிந்துரை மட்டும். கடமை பிள்ளையின் கடமை, அவசரம் பெற்றோரின் அவசரம். இந்த வித்தியாசத்தை வெளியாள் யாரும் கண்டுபிடிக்கவில்லை, மரபே எழுதி வைத்திருக்கிறது.

3

கத்தி யார் கையில் இருந்தது? ஒஸ்தாவின் கையில். தலை மழிப்பதும் சுன்னத் செய்வதும் அவர் தொழில். ஒவ்வொரு முஸ்லிம் ஆணும் முஸ்லிம் ஆகிற சடங்கை நடத்தி வைத்தவர், அதே சமூகத்தில் பெண் கொடுக்கல் வாங்கலுக்கு ஆகாதவராக ஒதுக்கப்பட்டவர். தமிழ்நாட்டில் 2007இல் இருந்து பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு இடஒதுக்கீடு இருக்கிறது. அதற்கான பட்டியலில் ஏழு பிரிவுகள், ஒஸ்தா என்ற பெயர் அதில் இல்லை. சமத்துவ மார்க்கத்துக்குள் சாதி எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று எழுத நினைக்கிறவர்கள் இந்தக் கத்தியிலிருந்து தொடங்கலாம்.

இப்போது கத்தி ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருக்கிறது. மரத்துப்போகிற ஊசி, தையல், பில். நல்லதுதான், சீழ் பிடிப்பதும் ரத்தம் நிற்காமல் போவதும் குறையும். ஆனால் கூடவே வயதும் கீழே இறங்குகிறது. ஐந்து, ஏழு வயதில் செய்துகொண்ட பையனுக்கு அது ஞாபகம் இருக்கும். பெருமையாகவோ பயமாகவோ வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பான். கைக்குழந்தைக்குச் சொல்ல எதுவும் இருக்காது. வலி குறைந்தது, சாட்சியும் குறைந்தது.

மருத்துவத்தைக் கடைசித் தீர்ப்பாக ஏற்கவும் தயங்க வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் முன்தோலை வெட்டச் சொன்ன டாக்டர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று சுயஇன்பத்தைத் தடுப்பது. காலைச் சிற்றுண்டித் தானியங்களால் பேர்பெற்ற கெல்லாக், மயக்க மருந்து இல்லாமலே செய்யலாம், வலியே நல்ல தண்டனை என்று எழுதியவர். அப்புறம் காரணங்கள் மாறின, வெட்டு மட்டும் தொடர்ந்தது. தென்னாப்பிரிக்கா, கென்யா, உகாண்டாவில் நடந்த சோதனைகளின் முடிவுகள் 2005 முதல் 2007 வரை வந்தன. பெண்ணிடமிருந்து ஆணுக்கு எச்.ஐ.வி. தொற்றுவது சுமார் 60 விழுக்காடு குறைகிறது என்று அவை காட்டின. 2007இல் உலக சுகாதார நிறுவனம் தொற்று மிகுந்த நாடுகளுக்கு இதைப் பரிந்துரைத்தது. இது உண்மை, மறுக்கக் கூடாது. ஆனால் அந்தச் சோதனைகளில் பங்கெடுத்தவர்கள் கேட்டறிந்து சம்மதித்த ஆண்கள். அதைத் தொட்டிலுக்கு இழுத்து வருவது மருத்துவத்தின் பெயரால் செய்யப்படும் இன்னொரு அவசரம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2012இல் நன்மை அபாயத்தைவிட அதிகம் என்றது, அதே மூச்சில் எல்லாக் குழந்தைக்கும் செய்யுங்கள் என்று பரிந்துரைக்குமளவு அதிகம் இல்லை என்றும் சொன்னது. 2015இல் கனடாக் குழந்தை மருத்துவர் சங்கம் வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்றது. அறிவியல் வாயை மூடவில்லை, முடிவை நம்மிடம் திருப்பிக் கொடுத்திருக்கிறது.

4

இனி நம் ஊர். காஜியார் வீதி, முல்லா வீதி என்று தெற்கே முஸ்லிம்களுக்கு ஒரு பகுதி, கடல் பக்கம் வெள்ளையர், வாய்க்காலுக்கு மேற்கே சாதிப் பெயர்களோடு தெருக்கள். உடம்புகளை நேர்கோட்டில் அடுக்கி வைத்த ஊர் இது. 1819 ஜனவரி 6ஆம் தேதி ஆணை ஒன்று, இந்தியர்கள் கிறிஸ்தவரோ முஸ்லிமோ இந்துவோ அவரவர் சாதியின் சட்டப்படியும் வழக்கப்படியும் நீதி பெறுவார்கள் என்று உறுதி கொடுத்தது. இதற்குப் பிரெஞ்சுக்காரர்கள் வழங்கிய பெயர் மாமூல். இன்றைக்கு நாம் மாமூல் என்று எதைச் சொல்கிறோமோ அதற்கும் இதற்கும் உறவு இல்லாமல் இல்லை. வழக்கத்தைத் தொடாதே, ஆட்சியைத் தொடாதே என்கிற கொடுக்கல் வாங்கல்.

1881 செப்டம்பர் 21இல் வேறொரு கதவு திறந்தது. 21 வயது நிரம்பிய யாரும், எந்தச் சாதியும் எந்த மதமும், தங்கள் தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வரலாம். துறந்தவர் ரெனோன்சான். 1873இல் பூட்ஸ் போட்டுக்கொண்டு நீதிமன்றம் போய் வழக்காடி ஜெயித்த பொன்னுத்தம்பிப் பிள்ளை பிறகு லாப்போர்த் ஆனது இந்த வழியில்தான். சாதியிலிருந்தும் மாமூலிலிருந்தும் வெளியேற ஒரு தாள் போதும் என்பது அன்றைக்குச் சாதாரண விஷயம் இல்லை.

ஆனால் அந்த ஆணையின் வாசகத்தைக் கவனமாகப் பார்க்க வேண்டும். துறப்பு இறுதியானது, திரும்பப் பெற முடியாதது. துறந்தவரோடு சேர்ந்து அவர் மனைவியும் மைனர் பிள்ளைகளும் புதிய சட்டத்துக்குள் வந்துவிடுவார்கள். யாரும் அவர்களைக் கேட்க வேண்டியதில்லை. 1968இல் முஸ்லிம் தனிச்சட்டம் புதுச்சேரிக்கு நீட்டிக்கப்பட்டபோதும் ரெனோன்சான்களுக்கு அது பொருந்தாது என்று விலக்கு எழுதப்பட்டது. பாட்டனார் போட்ட கையெழுத்து பேரப்பிள்ளையின் சொத்துக்கும் கல்யாணத்துக்கும் சட்டம் வகுத்துக்கொண்டிருக்கிறது.

ஏன் இவ்வளவு தூரம் சுற்றி வந்தோம் என்றால், மதம் குழந்தையைக் கட்டுகிறது, மதச்சார்பற்ற சட்டம் அவிழ்த்துவிடுகிறது என்கிற கதையாடல் இந்த ஊரில் செல்லாது. பள்ளிவாசல் தோலில் செய்வதைக் குடியரசு தாளில் செய்தது. இரண்டிலும் மையம் ஒன்றுதான்: பிள்ளையின் பேரில், திரும்பப் பெற முடியாத ஒன்றைச் செய்துமுடிக்கத் தகப்பனுக்கு இருக்கிற அதிகாரம். தாளாவது பீரோவில் கிடக்கும், தோல் கூடவே வரும். வளர்ந்தவன் தன் மார்க்கத்தை விடலாம், வேறொன்றுக்குப் போகலாம், எதுவும் வேண்டாம் என்றும் சொல்லலாம். அவன் உடம்பில் எழுதப்பட்டதைத் துறக்க எந்த ஆணையும் இல்லை.

5

சரி, அப்படியானால் தடை செய்துவிடலாமா? இங்கேதான் பெரும்பான்மையின் உடம்போடு எழுதுகிறவன் நிற்க வேண்டியிருக்கிறது.

இந்தத் துணைக்கண்டத்தில் ஆண்குறி ஓர் அடையாள அட்டை. 1947இல் ரயில்களில், தெருக்களில் வேட்டியையும் பைஜாமாவையும் அவிழ்த்துப் பார்த்துக் கொன்றார்கள். 1948இல் வந்த மண்ட்டோவின் 'சியா ஹாஷியே' தொகுப்பில் ஒரு குட்டிக் கதை, வெட்டிய பிறகுதான் ஆள் மாறிப்போச்சு என்று தெரிகிற கொலையைப் பற்றியது. 2020 தில்லிக் கலவரத்தில் ஒரு பத்திரிகைப் புகைப்படக்காரரிடம் கும்பல் பேன்ட்டை அவிழ்க்கச் சொல்லி மிரட்டியதை அவரே எழுதியிருக்கிறார். 2025 பஹல்காமில் இந்துக்களைப் பிரித்தெடுக்க மதம் கேட்டுக் கொன்றார்கள், துணியை அவிழ்த்துப் பார்த்ததாகவும் செய்திகள் வந்தன. அடையாளம் யாரைக் காட்டிக்கொடுக்கும் என்பது துப்பாக்கி யார் கையில் என்பதைப் பொறுத்தது.

ஜெர்மனியைப் பாருங்கள். 2012 மே மாதம் கொலோன் நீதிமன்றம், முஸ்லிம் சிறுவன் ஒருவனுக்குச் செய்த சுன்னத்தை உடல் காயம் என்று தீர்ப்பளித்தது. அந்த வருஷம் டிசம்பரிலேயே பெற்றோருக்கு அனுமதி தந்து நாடாளுமன்றம் சட்டம் இயற்றிவிட்டது. யூதர்களும் முஸ்லிம்களும் சேர்ந்து எதிர்த்தார்கள். நாஜிகள் யூத ஆண்களை அடையாளம் காண எதை அவிழ்த்துப் பார்த்தார்களோ, அதையே இன்று ஜெர்மன் அரசு தடை செய்வதா என்கிற கேள்வியைத் தாண்டி அந்த நாட்டால் போக முடியவில்லை. இங்கே நாமும் அப்படித்தான். கலவரத்தில் அவிழ்த்துப் பார்த்தவனுக்கு, பிறகு குழந்தை உரிமை என்று பேசும் தகுதி கிடையாது. போலீஸ்காரர் காஜியார் வீதியில் வீட்டுக்கதவைத் தட்டித் தொட்டிலில் இருக்கிற குழந்தையின் துணியை விலக்கிப் பார்க்கிற சட்டம், எவ்வளவு மனிதநேயத்தோடு எழுதப்பட்டாலும், அவிழ்த்துப் பார்க்கிற கையின் நீட்சிதான்.

ஆனா இந்த நியாயத்தைக் காட்டியே பிள்ளையின் கேள்வியை அடைத்துவிடவும் முடியாது. இலங்கையில் ஒஸ்தா மாமிகள் பெண் குழந்தைகளுக்குச் செய்துவந்ததை வெளியே கொண்டுவந்தவர்கள் முஸ்லிம் பெண்கள். சமூகத்துக்கு ஆபத்தான நேரம் என்று அவர்களுக்கும்தான் சொல்லப்பட்டது. நெருக்கடி இல்லாத காலம் சிறுபான்மைக்கு எப்போது வரும்? அதுவரை காத்திரு என்று பலவீனமானவரிடம் மட்டும் சொல்வது பழைய தந்திரம்.

6

காத்திருக்க வேண்டியது யார் என்பதுதான் விஷயம். இதற்கு நம் உயர்நீதிமன்ற எல்லைக்குள்ளேயே ஒரு முன்மாதிரி உண்டு. 2019 ஏப்ரலில் மதுரைக் கிளை, தூத்துக்குடியில் ஒரு திருநங்கையின் திருமணப் பதிவு தொடர்பான வழக்கில் தீர்ப்புச் சொன்னபோது, இடைப்பால் உடலோடு பிறக்கும் குழந்தைகளுக்குச் செய்யப்படும் பால்மாற்று அறுவைகளைத் தடுக்கச் சொன்னது. பெற்றோரின் சம்மதம் குழந்தையின் சம்மதம் ஆகாது என்று தெளிவாக எழுதியது. அதே வருஷம் தமிழ்நாடு அரசு, உயிருக்கு ஆபத்தான நிலை தவிர்த்து அதைத் தடைசெய்து ஆணையிட்டது. அந்த ஆணை தமிழ்நாட்டு எல்லையோடு நிற்கிறது.

அந்த அறுவையும் சுன்னத்தும் ஒன்றல்ல, இழப்பின் அளவு வேறு. ஆனால் அங்கே உருவான கொள்கைக்கு மதம் கிடையாது: உயிர்போகிற அவசரம் இல்லாவிட்டால், திரும்பப் பெற முடியாததை உடம்புக்கு உரியவர் வளரும்வரை தள்ளிப்போடு. இந்துக் குடும்பத்தில் பிறந்த இடைப்பால் குழந்தைக்கும் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்ததற்கும் இது பொருந்தும். சுன்னத் கேள்வியை இந்த வரிசையில், கடைசி ஆளாக, உள்ளிருப்பவர்கள் கொண்டுவந்து நிறுத்தும்போதுதான் அது நேர்மையான கேள்வியாகும். முதல் ஆளாகப் பிடித்து நிறுத்தினால் அது வேட்டை.

ஆகவே வேலைகள் இரண்டு, ஆட்களும் இரண்டு தரப்பு. பெரும்பான்மையில் இருக்கிறவர்கள் செய்ய வேண்டியது தங்கள் பேச்சிலிருந்து அந்த வசவுகளைத் துடைப்பது, அவிழ்த்துப் பார்க்கிற கையைத் தடுப்பது, தங்கள் ஆஸ்பத்திரிகளில் இடைப்பால் குழந்தைகளுக்கு என்ன நடக்கிறது என்று கேட்பது. உள்ளே இருக்கிற நண்பர்கள் செய்யக்கூடியது தங்கள் நூல்களிலேயே இருக்கிற அந்தப் பருவ வயதைத் தூசி தட்டி எடுப்பது. அதைப் பற்றி ஒஸ்தாவும் எழுதட்டும், தாயும் எழுதட்டும், மாலை போட்டு ஊர்வலம் போன பையனும் வளர்ந்து வந்து எழுதட்டும். அவன் 'எனக்கு இது வேண்டியதாகத்தான் இருந்தது' என்று சொன்னாலும் அதுவும் ஒரு பதில்தான். இதுவரை அவனிடம் யாரும் கேட்கவே இல்லை.