விதியும் விலையும்: தமிழ்த் திரையில் அறிவியல் புனைகதை

திருத்தங்கல் மலரில் பறக்கும் தட்டுக்கும் கால இயந்திரத்துக்கும் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். இந்த வகைக் கதைக்குத் தமிழ் ரசிகர்களைத் தயார் செய்ததில் கோடம்பாக்கத்துக்கு உள்ள பங்கு நம் வட்டாரத்துக்கும் உண்டு என்பதே அதற்குப் பதில். தீப்பெட்டி லேபிளுக்காகச் சிவகாசியில் வளர்ந்த அச்சுத் தொழில் பிறகு காலண்டர் அடித்தது, சினிமா போஸ்டர் அடித்தது. 1972-இல் முத்து காமிக்ஸையும் அடித்தது. அதன் முதல் இதழின் நாயகன் இரும்புக்கை மாயாவி. 1984-இல் லயன் காமிக்ஸ் வந்தது. ஸ்பைடரும் இயந்திர மனிதன் ஆர்ச்சியும் அதன் வழியே தமிழ் பேசினார்கள்.

மாயாவி பிறந்தது 1962-இல், 'வேலியன்ட்' என்ற பிரிட்டிஷ் வார இதழில். மின்சாரம் பாய்ந்தால் அவன் உடல் மறைந்துவிடும். எஃகுக் கை மட்டும் மறையாது. இதில் பின்பாதிதான் கதையை ஓட்டுகிறது. முழுவதும் மறைந்துவிட்டவனுக்கு ஆபத்து இல்லை. ஆபத்து இல்லாத இடத்தில் கதையும் இல்லை. அந்தரத்தில் ஒரு கை மட்டும் மிதந்துபோய்க் கதவைத் திறக்கும்போது, யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பதைப்பு வாசகனைத் தொற்றிக்கொள்ளும். மின்சாரம் மனிதனை எப்படி மறைக்கும் என்று அந்த நேரத்தில் யாரும் கேட்பதில்லை.

அற்புதம் எதுவானாலும் ரசிகர் ஒப்புக்கொள்வார். ஆனால் அதன் விதியை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அந்த விதிக்கு ஒரு விலை இருக்க வேண்டும். நம் திரையில் இந்த வகை எடுத்த வழிகளை இந்த இரண்டையும் கொண்டே பார்க்கலாம்.

வானத்து விருந்தாளி

தமிழில் இந்த மரபின் மூத்த படம் ஏ. காசிலிங்கம் இயக்கிய 'கலையரசி' (1963). வேற்றுக்கிரகத்தில் விஞ்ஞானம் உச்சத்தில் இருக்கிறது, இசை மட்டும் இல்லை. அந்தக் குறையைத் தீர்க்க நம்பியார் பறக்கும் தட்டில் வந்து பாடத் தெரிந்த பானுமதியைத் தூக்கிச் செல்கிறார், விவசாயியாக வரும் எம்.ஜி.ஆர். மீட்கப் போகிறார். பறக்கும் தட்டு அன்றைய ரசிகருக்குப் புதுச் சரக்கு. பெண்ணை வானவழியே கவர்ந்து செல்வதும் நாயகன் தேடிப் போவதும் கூத்திலும் கதாகாலட்சேபத்திலும் தலைமுறைகளாகப் பழகியவை. புதுச் சரக்கைப் பழைய பாதையில் ஏற்றி அனுப்பியதால் தரை டிக்கெட் ரசிகரும் வழி தவறவில்லை. அதே 1963 நவம்பரில் பிபிசி தொடங்கிய 'டாக்டர் ஹூ' தொடரும் இப்படித்தான் செய்தது. அதன் கால இயந்திரம் லண்டன் தெருவில் எவரும் பார்த்துப் பழகிய போலீஸ் தொலைபேசிக் கூண்டின் வடிவில் நின்றது.

அறுபது ஆண்டுகள் கழித்து ஆர். ரவிக்குமாரின் 'அயலான்' (2024) அதே பாதையில் வருகிறது. நாயகன் இங்கேயும் விவசாயிதான். இந்த முறை விருந்தாளி எதையும் கவர வரவில்லை. பூமியைத் துளைத்து வாயு எடுக்கும் முதலாளியைத் தடுக்க வருகிறான். அன்று பயம் வானத்திலிருந்து வந்தது, இன்று நிலத்துக்கு அடியிலிருந்து வருகிறது. காலத்தின் கவலையை வேற்றுக்கிரகத்தின் மேல் ஏற்றிச் சொல்வதுதான் இந்த வழியின் பலம்.

விஞ்ஞானியும் படைப்பும்

செத்தவனை எழுப்பும் மருந்தை வைத்து வேலு பிரபாகரன் 'நாளைய மனிதன்' (1989) எடுத்தார். அடுத்த ஆண்டே 'அதிசய மனிதன்' வந்தது. இரண்டும் மேரி ஷெல்லி 1818-இல் வெளியிட்ட 'ஃப்ராங்கன்ஸ்டைன்' வகையறா. படைத்தவன் கையை மீறிப் படைப்பு போகும் என்பது எல்லோருக்கும் முன்பே தெரியும். எந்தக் கட்டத்தில் மீறும் என்பதில்தான் சுவை.

ஷங்கரின் 'எந்திரன்' (2010) அந்தக் கட்டத்தைத் தமிழ்நாட்டுக்கே உரிய இடத்தில் வைத்தது. தீப்பிடித்த குடியிருப்பில் மாட்டிக்கொண்டவர்களை ரோபோ சிட்டி ஒவ்வொருவராகத் தூக்கி வருகிறது. கடைசியாக, குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணை அப்படியே கூட்டத்தின் நடுவே, கேமராக்களின் முன்னே கொண்டுவந்து நிறுத்துகிறது. அவமானம் தாங்காமல் ஓடியவள் வாகனத்தில் அடிபட்டுச் சாகிறாள். காப்பாற்று என்ற விதியை இயந்திரம் பிசகாமல் நிறைவேற்றியது, உயிர் போனது. ரோபோக்களுக்கு எழுத்தாளர் அசிமோவ் வகுத்த மூன்று விதிகளைப் பற்றி எழுதப்பட்ட கட்டுரைகள் சொல்வதை இந்த ஒரு காட்சி சொல்லிவிடுகிறது. சிட்டிக்கு உணர்ச்சியைக் கற்றுக்கொடுக்க விஞ்ஞானி முடிவெடுப்பதும் அதன் விளைவுகளும் இங்கிருந்தே முளைக்கின்றன. கடைசி அரைமணி நேரத்தில் நூற்றுக்கணக்கான சிட்டிகள் பந்தாகவும் பாம்பாகவும் உருண்டு வருவது கண்ணுக்கு விருந்துதான். ஆனால் அங்கே விதியும் இல்லை, விலையும் இல்லை, கிராபிக்ஸ்தான் மிச்சம்.

காலத்தைத் திருப்புகிறவர்கள்

கடந்த பத்தாண்டுகளில் தமிழ் சினிமா செழித்தது இந்த வழியில்தான். விண்கலத்துக்கு ஆகும் செலவு இதற்கு ஆகாது. திரைக்கதை இறுக்கமாக இருந்தால் போதும். ரவிக்குமாரின் முதல் படமான 'இன்று நேற்று நாளை'யில் (2015) 2065-ஆம் ஆண்டுக் கால இயந்திரம் வேலையில்லாத இரண்டு இளைஞர்கள் கையில் கிடைக்கிறது. ஹாலிவுட்டில் கிடைத்திருந்தால் உலகத்தைக் காப்பாற்றப் போயிருப்பார்கள். இவர்கள் ஜோசியக் கடை போட்டு, தொலைந்த பொருள் எங்கே இருக்கிறது என்று 'கணித்து'ச் சொல்லிக் காசு பார்க்கிறார்கள். கிடைத்ததை வைத்துப் பிழைப்பைப் பார்க்கும் இந்தப் புத்திதான் அரங்கைச் சிரிக்க வைத்தது. போகிற போக்கில் கடந்த காலத்தில் செய்த சிறு தவறால், செத்திருக்க வேண்டிய ரவுடி ஒருவன் பிழைத்துக்கொள்கிறான். சிரிப்புக்கான விலை அங்கே வந்து சேர்கிறது.

வெங்கட் பிரபுவின் 'மாநாடு' (2021) ஒரே நாளைத் திரும்பத் திரும்ப ஓட்டியது. நாயகனுக்கு மட்டும் நினைவு இருக்கிறது என்று நம்பவைத்துவிட்டு, எஸ்.ஜே. சூர்யாவின் போலீஸ் அதிகாரிக்கும் அதே நினைவைக் கொடுத்ததும் பந்தயம் இரட்டிப்பானது. ஆதிக் ரவிச்சந்திரனின் 'மார்க் ஆண்டனி'யில் (2023) கடந்த காலத்துக்குப் பேசும் தொலைபேசியில் ஒரு தேதிக்கு ஒரு முறைதான் பேச முடியும். இந்த ஒரு கட்டுப்பாடு இல்லையென்றால் அந்தப் படம் வெறும் கூச்சலாகியிருக்கும். 'கணம்' (2022) கால இயந்திரத்தை இறந்துபோன தாயைப் பார்க்கப் பயன்படுத்தியது. மாறாக, விக்ரம் குமாரின் '24' (2016) கைக்கடிகாரத்துக்கு ஒரு நாள் எல்லை வைத்துவிட்டு, தேவைப்பட்டபோது அந்த எல்லையையே நீக்கிக்கொண்டது. சூர்யாவின் மூன்று வேடங்களாலும் அந்த ஓட்டையை அடைக்க முடியவில்லை.

சின்னத்திரை

தொலைக்காட்சிக்கு இந்த வகையைக் கொண்டுவந்தவர் எழுத்தாளர் சுஜாதா. ஆனந்த விகடனில் தொடராக வந்த 'என் இனிய இயந்திரா' தூர்தர்ஷனிலும் தொடரானது. எதிர்காலச் சர்வாதிகார நாடு, ஆட்சியாளன் ஜீவா, நிலா என்ற பெண், ஜீனோ என்ற ரோபோ நாய். அன்றைய தூர்தர்ஷன் செலவில் எதிர்கால நகரத்தைக் காட்ட முடியாது. ஒரு நாய்க்குட்டியைக் காட்ட முடியும். மனிதர்களைவிட நன்றாக யோசிக்கும் அந்த நாயைப் பார்க்க மக்கள் வாராவாரம் உட்கார்ந்தார்கள். அமெரிக்காவில் 'ஸ்டார் ட்ரெக்' தொடரிலும் (1966) இதுதான் நடந்தது. ஒவ்வொரு வாரமும் கப்பலைத் தரையிறக்கிக் காட்டப் பணம் இல்லை. அதனால் ஆட்களைக் கரையவைத்து இறக்கும் கருவி பிறந்தது. பிற்பாடு அதுவே தொடரின் அடையாளமாயிற்று. பணமுடை பெற்றெடுத்த மரபுகள் இந்த வகையில் நிறைய.

தர அளவுகள்

இத்தனையையும் சேர்த்துப் பார்த்தால் மூன்று அளவுகள் கிடைக்கின்றன. முதலாவது, விதியை முதல் அரைமணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். பட்டாசுத் திரியின் நீளத்தைப் பார்த்து எவ்வளவு தூரம் விலகி நிற்பது என்று முடிவெடுக்கிறவர் நம் ஊர்க்காரர்; அந்த நீளம் ரசிகருக்கும் தெரிய வேண்டும். இரண்டாவது, கருவி கதையில் வேலை செய்ய வேண்டும். அதை எடுத்துவிட்டாலும் கதை நடக்கிறது என்றால் அது அலங்காரம்தான். மூன்றாவது, அது ஒரு வீட்டுத் தேவையைத் தொட வேண்டும்: கடன், தாய், பிழைப்பு, மானம்.

இந்த மூன்றும் இருந்தும் இன்னும் எழுதப்படாத கதை ஒன்று நம் பக்கத்திலேயே இருக்கிறது. பட்டாசில் ஸ்ட்ரான்ஷியம் சிவப்பைத் தரும், செம்பு நீலத்தைத் தரும், பேரியம் பச்சையைத் தரும் என்பது இங்கே பள்ளிப் பாடம் இல்லை, கைத்தொழில். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பசுமைப் பட்டாசுக்கு மட்டும் வழிவிட்டுப் பேரியம் உப்புகளைத் தடை செய்தது. பேரியம் இல்லாமல் பட்டாசு எப்படி என்ற கேள்வி அன்று தொழிற்கூடங்களுக்குள் நுழைந்தது. ஒரு பொருள் உலகிலிருந்து விலகினால் மிச்ச வாழ்க்கை என்ன ஆகும் என்று கேட்பதுதான் அறிவியல் புனைகதையின் அடிப்படை. அதற்கு விடை தேடிய வட்டாரத்துக்கு விண்கலம் தேவையில்லை. விதியும் தெரியும், விலையும் தெரியும் என்கிற ஒரு திருத்தங்கல்காரர் எழுத உட்கார்ந்தால் போதும். போஸ்டரும் இங்கேயே அடித்துக்கொள்ளலாம்.