முதுமையின் விலையை நிறுப்பவர் யார்?

மூப்படையும் சமுதாயத்துக்கு நோயறிந்த வைத்தியர் மட்டும் போதாது, செலவின் கணக்கறிந்த வைத்திய ஆய்வாளரும் வேண்டும் என்ற குரல் இன்று பல நாடுகளில் எழுந்துள்ளது. நாம் அதனை வரவேற்கிறோம். 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டிலேயே இலங்கையில் 60 வயதைக் கடந்தோர் நூற்றுக்கு 12.4 பேர். ஆயின் அந்த ஆய்வாளருக்குக் கற்பிக்கப்படும் பொருளியல் யாருடைய பொருளியல் என்ற வினாவை எழுப்பாமல் இருக்க முடியவில்லை.

1993இல் உலக வங்கி தன் உலக வளர்ச்சி அறிக்கையைச் சுகாதாரத்துக்கென ஒதுக்கியது. அகால மரணத்தால் இழந்த ஆண்டுகளையும் ஊனத்தோடு கழிந்த ஆண்டுகளையும் ஒரே எண்ணாகக் கூட்டும் அளவுகோல் அதில் அரங்கேறியது. அதன் பயனை மறுப்பதற்கில்லை. சாவுக் கணக்கில் தென்படாத மனநோயின் பாரம் அதனாலன்றோ வெளிச்சத்துக்கு வந்தது! ஆனால் சூத்திரத்தைப் பிரித்துப் பாருங்கள். 25 வயதில் வாழும் ஓராண்டின் நிறை ஏறத்தாழ ஒன்றரை. 70 வயதில் அது முக்கால்கூட இல்லை. போதாக்குறைக்கு வருங்கால ஆண்டுகளுக்கு 3 வீத வட்டிக் கழிவு வேறு. குழந்தைகளும் முதியோரும் நடுவயதினரைச் சார்ந்தே வாழ்கின்றனர் என்பது இதனை வகுத்தோர் காட்டிய நியாயம். 1997இல் சுதிர் ஆனந்தும் காரா ஹான்சனும் இந்த நிறைகளை வன்மையாக மறுத்து எழுதினர். 2010ஆம் ஆண்டுக்கான உலக நோய்ச்சுமை ஆய்வு வயது நிறையையும் வட்டிக் கழிவையும் கைவிட்டது.

சூத்திரம் போயிற்று, அதைப் பெற்ற மனோபாவம் போகவில்லை.

பெயரிலேயே வழிப்போக்கரின் தங்குமடத்தைச் சுமந்து காங்கேசன்துறை வீதியில் நிற்கும் மருதனார்மடத்தில் அந்த நியாயத்தை உரைத்துப் பார்ப்போம். 1983க்குப் பின் இளையோர் கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் பெயர்ந்த வீடுகளில் முதியவரைப் பார்ப்பது மற்றொரு முதியவரே. தாய் வேலைக்குப் போகும் வீட்டில் பேரப்பிள்ளையை வளர்ப்பவள் பாட்டி. யார் யாரைச் சார்ந்து வாழ்கின்றனர்?

வீட்டுப் பராமரிப்பைக் கணக்கிடப் பொருளியலில் இரு வழிகள் உண்டு. பராமரிப்பவர் இழந்த கூலியைக் கொள்வது ஒன்று. அவ்வேலைக்குப் பிறரை அமர்த்தினால் கொடுக்கவேண்டிய கூலியைக் கொள்வது மற்றொன்று. முதல் வழியில், கூலியே பெறாத மூதாட்டி இரவெல்லாம் கண்விழித்துக் கணவனைத் திருப்பிப் படுக்க வைக்கும் உழைப்பின் விலை பூச்சியம்! இரண்டாம் வழியிலேதான் அவள் தொழிலாளியாகத் தோன்றுகிறாள். இவை வெறும் நுட்ப வேறுபாடுகள் அல்ல. வர்க்க வேறுபாடும் ஆண் பெண் வேறுபாடும் இங்கே எண்களாக உருமாறுகின்றன. வைத்தியசாலையின் செலவோடு கணக்கை முடிக்கும் ஆய்வுகளோ இவ்விரு வழிகளையும் நாடுவதில்லை.

நம் நாட்டில் 1951இல் அரசாங்க வைத்தியசாலைக் கட்டணங்கள் நீக்கப்பட்டன. அது மக்கள் பெற்ற பெரும் உரிமை. எனினும் நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் இன்றும் மக்களின் கைப்பணமே. 2022இன் நெருக்கடியில் மருந்து தட்டுப்பட்டபோது அச்சுமை ஓய்வூதியம் பெறும் ஆசிரியர்மீது ஒருவிதமாகவும், வெங்காயத் தோட்டத்தில் நாட்கூலி செய்து முதிர்ந்தவர்மீது வேறுவிதமாகவும் விழுந்தது. தகப்பனைத் தெல்லிப்பழைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ கிளினிக்குக்கு அழைத்துச் செல்லும் மகள் அன்றைய கூலியை இழக்கிறாள். மருந்து இலவசம், நாள் இலவசமன்று.

யாழ்ப்பாணத்தில் மருத்துவ பீடம் 1978 முதல் இயங்குகிறது. அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே மானிப்பாயில் சாமுவேல் கிறீன் தமிழில் மேலைமருத்துவம் கற்பித்தார். (சமயப் பிரசாரம் அவர் நோக்கங்களில் ஒன்று, அதற்காக அப்பணியை நாம் சிறுமைப்படுத்த வேண்டியதில்லை.) உடற்கூற்றைத் தமிழில் சொல்ல முடிந்ததென்றால், செலவாய்வின் வினாக்கொத்தையும் தமிழில் வகுக்க முடியும். வைத்திய ஆய்வாளர் நோயாளரின் பதிவேட்டோடு நில்லாது வீட்டு வாசலுக்கும் வரட்டும். இரவில் எத்தனை முறை எழுந்தீர்கள், கிளினிக் நாளில் யார் வேலைக்குப் போகவில்லை, மருந்துக்கு எதை அடகு வைத்தீர்கள் என்று அந்த மூதாட்டியிடமே கேட்கட்டும். அவள் சொல்லும் மணித்தியாலங்களுக்கு, கூலிக்கு அமர்த்தும் பராமரிப்பாளரின் விகிதத்திலேயே விலை எழுதட்டும்.