தொடர் நாவலும் ஆசிரியனின் மனச்சாட்சியும்

புதிய நூலொன்று அச்சேறி வெளிவரும் நாள் எழுத்தாளனுக்கு மகிழ்ச்சி நிறைந்த நாள் என்பது பொதுவான எண்ணம். தனி நாவல் எழுதுவோனைப் பொறுத்தவரை அது ஓரளவு உண்மையே. ஆனால் ஒரே குடும்பத்தின் கதையைப் பல நாவல்களில் தொடர்ந்து சித்திரிக்க முற்பட்டவனின் நிலை வேறு. அவன் வெளியிடும் ஒவ்வொரு நூலும் முன்னர் வெளியிட்டவற்றுக்குக் கணக்குக் காட்டியாக வேண்டும். நேற்று அச்சிலேறியதை அவன் திரும்பப் பெறவியலாது. இன்று கண்ட உண்மையை மறைக்கவும் கூடாது. இவ்விரண்டுக்குமிடையே அவன் படும் தவிப்பை விளங்கிக்கொள்வதற்குப் பிரெஞ்சு நாவலாசிரியர் எமில் ஸோலாவின் எழுத்து வாழ்க்கையைக் காட்டிலும் சிறந்த சான்று கிடைப்பது அரிது.

ரூகோன்–மக்கார் குடும்பத்தின் வரலாற்றை ஸோலா 1871 முதல் 1893 வரை இருபது நாவல்களில் எழுதி முடித்தார். தொடக்கத்தில் அவர் திட்டமிட்டவை பத்தே. மூன்றாம் நெப்போலியனின் ஆட்சிக்காலத்தை ஒரு குடும்பத்தின் வாயிலாகக் காட்டுவது அவருடைய நோக்கங்களுள் ஒன்று. பரம்பரைக் குணங்கள் தலைமுறை தலைமுறையாக இறங்கி மனிதரின் கதியை நிர்ணயிப்பதை விஞ்ஞானிபோல் நிறுவுவது மற்றொன்று. முதல் நாவல் பத்திரிகையில் வந்துகொண்டிருக்கும்போதே, 1870இல், பிரஷியாவுடன் போர் மூண்டது. செப்டெம்பர் மாதம் பேரரசு வீழ்ந்தது. 1871 ஜூலையில் நூலுக்கு எழுதிய முன்னுரையில், கலைஞன் என்ற முறையில் தமக்குத் தேவைப்பட்ட முடிவை அவ்வீழ்ச்சியே தந்துவிட்டது என்று ஸோலா குறிப்பிட்டார். வரலாறே தமது திட்டத்துக்கு இசைந்துவிட்டது என்னும் பெருமிதம் அம்முன்னுரையில் தொனிக்கிறது.

1877இல் ஏழாவது நாவலாகிய 'லஸொம்வார்' வெளிவந்தது. பாரிஸ் நகரத்துச் சலவைத் தொழிலாளி ஜெர்வேஸ் மதுவாலும் வறுமையாலும் அழிந்தொழியும் கதை அது. பழமைவாதிகள் அதனை ஆபாசம் என்றனர். குடியரசுவாதிகள் சிலர் அது தொழிலாளரை இழிவுபடுத்துகிறது என்றனர். பரபரப்புக்காக எழுதுபவர் என்ற பழியும் அவரைச் சூழ்ந்தது. இதற்கு விடையாக, 1878இல் அடுத்த நாவலான 'காதலின் ஒரு பக்க'த்தை வெளியிட்டபோது, இறுதி நூலுக்கென வைத்திருந்த குடும்பமரத்தை அதிலேயே அச்சிட்டுக் காட்டினார். 1868 முதல் அம்மரம் வகுத்த வழியிலேயே தாம் செல்வதாகவும், வலப்புறமோ இடப்புறமோ விலக அது தம்மை அனுமதிப்பதில்லை என்றும், முடிவுகள் யாவும் ஆயத்தமாக உள்ளன என்றும் முன்குறிப்பில் உறுதி கூறினார். தம் நேர்மையை நிலைநாட்ட விழைந்த எழுத்தாளன் தன் கைகளைத் தானே கட்டிக்கொண்ட தருணம் அது.

அம்மரத்தில் ஜெர்வேஸின் மகன் எத்தியேன் லாந்தியேயின் பெயருக்கு நேரே எழுதப்பட்டிருந்த விதி யாது? பெற்றோரின் குடிப்பழக்கம் அவனிடம் கொலைவெறியாக மாறும் என்பதே. அவன் குற்றவாளியாதல் வேண்டும். இக்கருத்தின் சமூக விளைவை நாம் கூர்ந்து நோக்குதல் அவசியம். தொழிலாளியின் மகனுடைய சீரழிவுக்குக் காரணம் அவனது இரத்தத்தில்தான் உள்ளதெனின், அவனது உழைப்பைச் சுரண்டியவனிடம் கேட்பதற்குக் கேள்வியேதும் இல்லை. விஞ்ஞானத்தின் பெயரால் வந்தபோதிலும், இது தலைவிதிக் கோட்பாட்டின் புதிய வேடமன்றி வேறில்லை.

1884 பெப்ரவரியில் வட பிரான்ஸிலுள்ள அன்ஸான் நிலக்கரிச் சுரங்கங்களில் வேலைநிறுத்தம் தொடங்கியது. ஸோலா அங்கு நேரில் சென்றார், சுரங்கத்தினுள் இறங்கினார், தொழிலாளரின் குடியிருப்புக்களைக் கண்டார், குறிப்பெடுத்தார். 1885இல் 'ஜெர்மினல்' நூலாக வெளிவந்தது. அதன் கதாநாயகன் எத்தியேன். பழைய விதியின் நிழல் அவன்மீது இன்னும் படிந்துதான் இருக்கிறது: மது அருந்தினால் கொலைவெறி எழுமென அவன் அஞ்சுகிறான், சுரங்கத்தின் அடியில் ஒருவனைக் கொல்லவும் செய்கிறான். எனினும் நூலை முடித்தபின் வாசகன் நினைவில் நிற்பவன் கொலைகாரனல்லன். பசித்த மக்களை ஒன்றுதிரட்டி, தவறிழைத்து, தோற்று, ஆயினும் நம்பிக்கை இழவாது வசந்த காலத்துப் பாதையில் நடந்து செல்லும் தொழிலாளர் தலைவனே நிற்கிறான். ஆசிரியரின் ஏட்டில் குற்றவாளியாயிருந்தவன் மக்களின் போராட்டத்தினூடே வேறொருவனாக வளர்ந்துவிட்டான்.

அடுத்த ஆண்டு வெளிவந்த 'படைப்பு' என்னும் பதினான்காவது நாவலில் ஸாந்தோஸ் என்றொரு பாத்திரம் உண்டு. அவனும் ஒரு குடும்பத்தைப் பற்றித் தொடர்நாவல் எழுதுபவன். ஸோலாவின் சாயலில் வார்க்கப்பட்டவன். ஒவ்வொரு நூலும் முடிந்து வெளிவருகையில் தன்னிடம் எழுவது ஆனந்தமன்று, சுமையை இறக்கிப்போடும் சுமைகூலியின் வசைச்சொல்லே என்று அவன் நண்பனிடம் மனந்திறந்து பேசுகிறான். மரணப் படுக்கையிலும், வலப்புறம் சென்ற இடத்தில் இடப்புறம் சென்றிருக்க வேண்டுமோ என்ற ஐயம் தன்னை வாட்டும் என்கிறான். எல்லாவற்றையும் மீண்டும் எழுத விரும்புவதே தன் இறுதி ஆசையாக இருக்கும் என்கிறான். 1878இல் வலமும் இடமும் விலகேன் என்று முழங்கியவர், எட்டாண்டுகளின் பின் அதே சொற்களைக் கொண்டே தம்மைத் தாம் வினவுகிறார்! இவ்விரு கூற்றுக்களுக்குமிடையே 'ஜெர்மினல்' நிற்பது கவனிக்கத்தக்கது.

எனினும் மரத்தில் எழுதிய கொலைகாரனுக்கு வழியென்ன? எத்தியேனை மீண்டும் அப்பாத்திரத்துக்கு அழைப்பது இயலாததாயிற்று. எனவே 1890இல் 'மனித மிருகம்' வெளிவந்தபோது ஜெர்வேஸுக்கு ஜாக் என்னும் இன்னொரு மகன் தோன்றினான். 'லஸொம்வா'ரில் லாந்தியேயிடம் அவள் பெற்ற ஆண்மக்கள் இருவரே; 1878இன் மரத்திலும் ஜாக் இல்லை. சிறுவயதில் ஊரிலேயே விட்டுவரப்பட்டவன் என்று காரணம் கூறி, புகையிரதச் சாரதியான அவனிடம் கொலைவெறியை ஒப்படைத்தார் ஆசிரியர். 1893இல் வெளிவந்த மரத்தில் இப்புதிய கிளை சேர்க்கப்பட்டது.

தொடரின் கட்டுக்கோப்பில் இது ஒரு குறை என்பர் சிலர். எமது கருத்தில், ஸோலாவின் இலக்கிய நேர்மைக்கு இந்த ஒட்டுக்கிளையைவிடச் சிறந்த சாட்சியம் இல்லை. 1888இல் மார்கரெட் ஹார்க்னஸ் என்னும் எழுத்தாளருக்கு எழுதிய கடிதத்தில், எல்லா ஸோலாக்களையும்விடப் பல்ஸாக்கே யதார்த்த நெறியின் பெரிய ஆசான் என்று எங்கெல்ஸ் தீர்ப்பளித்தார். தமது வர்க்க அனுதாபங்களுக்கு மாறாகவும் உண்மையை எழுத வேண்டியவரானார் பல்ஸாக் என்பதே அவர் காட்டிய காரணம். பல்ஸாக்கை ஸோலாவுக்கு மேலே வைப்பதில் எமக்கு மறுப்பில்லை. ஆனால் அந்த அளவுகோலையே 'ஜெர்மின'லுக்குப் பிரயோகித்துப் பார்த்தல் வேண்டும். தமது கோட்பாட்டுக்கு மாறாகத் தமது பாத்திரம் வளர்வதற்கு இடங்கொடுத்த ஸோலாவும் அந்நூலில் அச்சிறப்புக்கு உரியவராகிறார். அதேவேளை, அவர் கோட்பாட்டைக் கைவிடவில்லை. இடம் மாற்றி வைத்தார் அவ்வளவே. எத்தியேனை விடுவித்தவர் ஜாக்கைப் பலியிட்டார். அதுவே அவரது எல்லை.

இது பிரெஞ்சு இலக்கிய மாணவருக்கு மட்டும் உரிய செய்தியன்று. திட்டமின்றிப் பெரும் படைப்பில்லை. உலக நோக்கின்றித் திட்டமில்லை. முற்போக்கு எழுத்தாளன் இதனை நன்கறிவான். ஆனால் முடிவுகள் யாவும் ஆயத்தம் என்று அவன் கருதும் கணத்தில் அவனது பாத்திரங்கள் மூச்சு விடுவதை நிறுத்திவிடுகின்றன. நம் கொள்கை சரியானதாயினும், மக்களை நேரிற் சென்று காணும் கடமையிலிருந்து அது நம்மை விடுவிப்பதில்லை. ஆசிரியத் தொழில் புரியும் நமக்கும் இது பொருந்தும். 'விளையும் பயிரை முளையிலே தெரியும்' என்று கூறி, தகப்பனின் குடியை வைத்து மகனின் எதிர்காலத்தைத் தீர்மானித்துவிடும் பழக்கம் நம் வகுப்பறைகளில் இன்னும் மறைந்துவிடவில்லை. நம் ஒவ்வொருவர் கையிலும் ஒரு குடும்பமரம் இருக்கத்தான் செய்கிறது.

இருபதாவது நாவலாகிய 'டொக்டர் பஸ்கா'லில், குடும்பத்தின் பரம்பரைக் குறிப்புக்கள் யாவும் தீக்கிரையாகின்றன. மரம் தப்புகிறது, கூடவே ஒரு குழந்தையும் பிறக்கிறது. அதன் எதிர்காலம் யாதென நாவல் கூறவில்லை. 1902 ஒக்டோபர் 5ஆம் திகதி ஸோலாவின் இறுதி ஊர்வலத்தில் சுரங்கத் தொழிலாளர் 'ஜெர்மினல், ஜெர்மினல்' என முழங்கிச் சென்றனர். ஜெர்மினல் என்பது புரட்சிக்காலப் பஞ்சாங்கத்தில் முளைவிடும் மாதத்தின் பெயர். அத்தொழிலாளர் போற்றியது மரத்தையன்று, முளையை.