கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க!

மூன்று பேர் உட்காரும் ரயில் சீட்டில் நாலாவதாக ஒருவர் வந்து நிற்கிறார். கையில் பை, முகத்தில் சிரிப்பு. 'கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க சார்.' நீங்களும் நகர்கிறீர்கள். ஐந்தாவது நிமிடம் அவர் சாய்ந்து தூங்குகிறார். நீங்கள் சீட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, விழுப்புரம் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

வேடிக்கை என்னவென்றால், அவர் அந்த வார்த்தையை மிகச் சரியாகத்தான் பயன்படுத்தியிருக்கிறார். 'அட்ஜஸ்ட்' பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். வேர், 'பக்கத்தில்' என்று பொருள்படும் லத்தீன் வார்த்தை. ஒன்றை இன்னொன்றின் பக்கத்தில் கொண்டுவந்து சேர்ப்பது, அவ்வளவுதான். உள்ளே 'ஜஸ்ட்' என்று கேட்பதால், நியாயத்தைக் குறிக்கும் இன்னொரு லத்தீன் சொல்லோடு பிற்பாடு உறவு கட்டிவிட்டார்கள். நம் ஊர் ரயிலில் நியாயம் போய், நெருக்கம் மட்டும் பாக்கி இருக்கிறது.

ரயில்வேயே ஒரு தடவை இதைச் செய்து பார்த்தது. லாலு பிரசாத் அமைச்சராக இருந்தபோது, சில பெட்டிகளில் பக்கவாட்டில் மேலே ஒன்று கீழே ஒன்று என்று இருந்த படுக்கைகளுக்கு நடுவில் மூன்றாவதாக ஒன்றைச் செருகினார்கள். படுத்தவர்கள் போட்ட சத்தத்தில் பிறகு கழற்றினார்கள்.

ரயிலோடு போகட்டும் என்றால் போவதில்லை. கடையில் சில்லறை இல்லை, அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க. ஓட்டலில் சட்னி தீர்ந்துபோச்சு, சாம்பாரோட அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க. வீட்டு ஓனர் தண்ணீருக்குச் சொல்கிறார், ஆபீஸில் ஞாயிற்றுக்கிழமை வேலைக்குச் சொல்கிறார்கள். பெங்களூரில் 'ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி' என்பது கிட்டத்தட்ட ஊர்ப் பாட்டு. கட்சிகள் தொகுதிகளை அட்ஜஸ்ட் செய்கின்றன. 1971-ல் இந்திரா காங்கிரஸ் சில மக்களவைத் தொகுதிகளை வாங்கிக்கொண்டு, தமிழ்நாட்டில் ஒரு சட்டமன்றத் தொகுதியில்கூடப் போட்டியிடவில்லை. அதற்கு நான்கு வருஷம் முன்புவரை இதே மாநிலத்தை ஆண்ட கட்சியின் ஒரு பாதி அது!

ஒன்று கவனித்தீர்களா? மெக்கானிக் பைக் செயினை 'அட்ஜஸ்ட் பண்றார்'. உங்களை மட்டும் 'அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க' என்கிறார்கள். பொருள் என்றால் 'பண்ணு', மனுஷன் என்றால் 'பண்ணிக்கோ'. இந்தக் 'கொள்' இருக்கிறதே, அது ஆங்கிலம் கொடுத்ததில்லை. நாம் சேர்த்தது. செயினைத் தளர்த்த மெக்கானிக் குனிய வேண்டும். உங்களைத் தளர்த்த யாரும் குனிய வேண்டாம், நீங்களே பார்த்துக்கொள்வீர்கள்.

இந்த வார்த்தை வருவதற்கு முன்னால் நாம் என்ன சொன்னோம்? தள்ளி உக்காருங்க. பொறுத்துக்குங்க. குறைச்சுக்குங்க. கண்டுக்காதீங்க. விட்டுக்கொடுங்க. ஒவ்வொன்றிலும் என்ன கேட்கப்படுகிறது என்பது பளிச்சென்று தெரியும். தெரிந்தால், 'ஏன், நான் எதுக்குப் பொறுத்துக்கணும்?' என்று திருப்பிக் கேட்கலாம். இத்தனையையும் ஒரே பையில் போட்டுக் கட்டிக் கொடுத்தால் எதைப் பார்த்துக் கேள்வி கேட்பது? 'விட்டுக்கொடு' என்பதை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். விடுகிற ஆளும் வாங்குகிற ஆளும் அந்த வார்த்தைக்குள்ளேயே இருக்கிறார்கள்.

பி.காம். படித்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். இறுதிக் கணக்கு போடும்போது இருப்புச் சோதனைக்குக் கீழே 'அட்ஜஸ்ட்மென்ட்ஸ்' என்று நாலைந்து வரி இருக்கும். தமிழ்ப் பாடப் புத்தகத்தில் 'சரிக்கட்டுதல்கள்'. (ஆளைச் சரிக்கட்டுவது வேறு பாடம்.) அதற்கு வாத்தியார்கள் மண்டையில் தட்டிச் சொல்லும் ஒரே விதி, ஒவ்வொரு சரிக்கட்டுதலும் இரண்டு இடத்தில் வரும். கொடுபடவேண்டிய வாடகை என்றால் செலவில் ஒருமுறை, பொறுப்பில் ஒருமுறை. ஒரு இடத்தில் மட்டும் எழுதினால் கணக்கு இடிக்கும்.

கோடிகள் என்று வந்தால் இரண்டு பக்கமும் எழுதியே தீர வேண்டியிருக்கிறது. செல்போன் கம்பெனிகள் அரசுக்கு, 'அட்ஜஸ்ட் செய்யப்பட்ட மொத்த வருவாய்' என்று ஒன்றைக் கணக்கிட்டு, அதில் ஒரு பங்கைக் கட்ட வேண்டும். எதைக் கழித்து அட்ஜஸ்ட் செய்வது? போன் சேவையில் வந்த வருமானம் மட்டும்தான் கணக்கு என்றன கம்பெனிகள். வட்டி, டிவிடெண்ட், பழைய சாமான் விற்ற காசு எல்லாமே சேரும் என்றது தொலைத்தொடர்புத் துறை. வருஷக்கணக்கில் வழக்கு. 2019 அக்டோபர் 24-ல் உச்ச நீதிமன்றம் துறை சொன்னதே சரி என்றது. கட்ட வேண்டியது தொண்ணூறாயிரம் கோடிக்கு மேல் என்று அப்போது கணக்குச் சொன்னார்கள். வோடஃபோன் ஐடியாவால் முடியவில்லை. 2023-ல், வரவேண்டிய பாக்கிகளின் வட்டி பதினாறாயிரம் கோடிக்குப் பதிலாகப் பங்குகளை வாங்கிக்கொண்டது அரசு. பாக்கி கேட்டு வந்தவர் பங்காளி ஆனார். பிடிக்கிறதோ இல்லையோ, யார் எதை விட்டார், எதை வாங்கினார் என்பது காகிதத்தில் இருக்கிறது.

வீட்டில்தான் காகிதம் கிடையாது. 'அனுசரித்துப் போகும் பெண் தேவை' என்று வந்த வரன் விளம்பரங்கள் 'அட்ஜஸ்டபிள்' பெண் கேட்கும் அளவுக்கு முன்னேறிவிட்டன. ஆங்கிலத்தில் பொதுவாக ஸ்பானருக்கும் சுழல் நாற்காலிக்கும் போடுகிற அடைமொழி! மாப்பிள்ளைக்குக் கோபம் வரும், மாமியார் ஒரு மாதிரி, வேலையை விட வேண்டியிருக்கும். எல்லாவற்றுக்கும் அம்மாவே மகளிடம் சொல்லும் மருந்து இது. இருபது வருஷம் கழித்து அந்த மகள், 'அட்ஜஸ்ட் பண்ணிட்டுத்தான் இருந்தேன்' என்பாள். எதை என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஒரு பக்கம் மட்டும் எழுதிய கணக்கு.

இதற்கும் கீழே ஒரு அர்த்தம் உண்டு. உங்களுக்குத் தெரியும், சினிமாக்காரர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். 2017-ல் கேரளத்தில் நடிகை ஒருவர் ஓடும் காரில் தாக்கப்பட்ட பிறகு, திரையுலகில் பெண்களின் நிலை பற்றி ஆராய நீதிபதி ஹேமா தலைமையில் குழு போட்டார்கள். படுக்கைக்கு அழைப்பதற்கு அங்கே புழங்கும் பெயர்கள் 'அட்ஜஸ்ட்மென்ட்', 'காம்ப்ரமைஸ்' என்று அந்த அறிக்கையே பதிவு செய்திருக்கிறது. அதையே மலையாளத்திலோ தமிழிலோ நேராகக் கேட்டால் செருப்படி கிடைக்கும். ரயிலில் கேட்கிற அதே வார்த்தையில் கேட்டால், மறுக்கிறவள்தான் 'ஒத்துழைக்காத ஆள்' ஆகிறாள்.

அறிக்கை அரசின் கைக்குப் போனது 2019 டிசம்பர் 31. நீதிமன்றம், தகவல் ஆணையம் எல்லாம் தாண்டி, சில பக்கங்கள் நீக்கப்பட்டு வெளியே வந்தது 2024 ஆகஸ்ட் 19. நடுவில் நாலரை வருஷம். சாட்சி சொன்ன பெண்கள் அத்தனை நாளும் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று யாராவது கேட்டால், பதிலுக்கும் அதே வார்த்தையைத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.