‘முடக்கு’ எனும் பெயரும் இயக்கும் பொருளும்: கெர்னல் இயக்கி விருப்பத்தேர்வுகளின் பெயரீடு

கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையம் 2005இல் தொடங்கப்பெற்றது. தாம்பரத்தை அடுத்த குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தின் ஏயூ-கேபிசி ஆய்வு மையமும் சீ-டாக் சென்னை மையமும் இதனை இணைந்து நடத்தின. இம்முயற்சியில் உருவான பாஸ் லினக்ஸ், 2011இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியே மாணவர் கைகளையும் அடைந்தது. பட்டிகள் தமிழாயின. வன்பொருளைக் கையாளும் கெர்னல் இயக்கிகளின் விருப்பத்தேர்வுகளுக்கான விளக்கங்களோ ஆங்கிலத்திலேயே நின்றன. கெர்னல் மூலநிரலுடன் சீன, ஜப்பானிய, கொரிய, இத்தாலிய, ஸ்பானிய ஆவணங்கள் வழங்கப்பெறுகின்றன. தமிழ் அவ்வரிசையில் இல்லை.

எனினும், இருப்பதை அப்படியே மொழிபெயர்த்தால் போதும் என்னும் கருத்து ஏற்புடையதன்று. மூலத்திலேயே குழப்பம் உண்டு. இன்டெல் கம்பியில்லா இணைப்பு அட்டைகளுக்கான ‘ஐடபிள்யூஎல்வைஃபை’ இயக்கியில் ‘11என்_டிஸேபிள்’ என்றொரு விருப்பத்தேர்வு உள்ளது. அதன் மதிப்பு 1 எனில் 11என் வசதி முழுமையாக முடங்கும். 2, 4 எனில் முறையே தொகுத்து அனுப்புதலும் தொகுத்துப் பெறுதலும் முடங்கும். 8 எனில் தொகுத்து அனுப்புதல் இயக்கப்பெறும். முடக்குதலைப் பெயராகக் கொண்ட ஒன்று, ஒரு மதிப்பில் மட்டும் இயக்குகிறது! வேகத்தைக் கூட்ட 8 இடவேண்டியவர், பெயரை நம்பியோ பழக்கத்தாலோ 1 இட்டால், இணைப்பின் உச்ச வேகம் விநாடிக்கு 54 மெகாபிட்டாகச் சுருங்கிவிடும். பிழைச்செய்தி எதுவும் தோன்றாது. பயனர் தம் கருவியையே ஐயுறுவார்.

பெயரை மாற்றிவிடலாமே எனில், அது எளிதன்று. பழைய பெயர் பயனர்களின் அமைவுக் கோப்புகளில் பதிந்துள்ளது. அறியாப் பெயரைக் கெர்னல் பதிவேட்டில் ஒரு வரி குறித்துவிட்டுப் புறக்கணித்துச் செல்லும். ஆகவே பிழைபட்ட பெயரின் சுமையை விளக்கமே தாங்க வேண்டியுள்ளது. பெயரை உரோமன் எழுத்தில்தான் தட்டச்சிட வேண்டுமாதலால், தமிழாக்குநர் தலையிடக்கூடிய இடமும் விளக்கம் ஒன்றே.

அங்கு நம் கலைச்சொற்கள் புதிய இடரைச் சேர்க்கின்றன. ‘செயல்படுத்து’ என்பது ஒரு வசதியைத் திறத்தல், நிரலை ஓட்டுதல், திட்டத்தை நிறைவேற்றுதல் ஆகிய மூன்றிற்கும் வழங்குகிறது. ‘இயக்கு’ என மாற்றினாலோ ‘இயக்கியை இயக்கு’ என்னும் தொடர் பிறக்கிறது. இது நகைப்புக்குரியது மட்டுமன்று, எந்த வசதி திறக்கிறது என்பதையும் மறைக்கிறது.

ஆங்கில ‘டிஸேபிள்’ ஏவலா, நிலையா என்பதை வடிவம் காட்டுவதில்லை. தமிழில் ‘முடக்கு’, ‘முடங்கியுள்ளது’ என்பன வெவ்வேறு. இவ்வேறுபாட்டைக் கலைச்சொல் பட்டியல்கள் பயன்கொள்ளாதது வியப்பே. விளக்கம் ஏவல் வினையைத் தவிர்த்து, ஒவ்வொரு மதிப்பிலும் கருவி அடையும் நிலையைக் கூறவேண்டும்: ‘0 – 11என் முடக்கப்படவில்லை, 1 – 11என் முற்றிலும் முடங்கியுள்ளது, 8 – தொகுத்து அனுப்புதல் இயங்குகிறது, பெயரிலுள்ள முடக்கம் இம்மதிப்பிற்குப் பொருந்தாது.’ மூல ஆவணத்தில் இல்லாத அவ்விறுதித் தொடரைச் சேர்ப்பது மொழிபெயர்ப்பாளரின் வரம்பு மீறல் எனச் சிலர் கருதலாம். மூலம் மறைப்பதை வெளிப்படுத்தாத விளக்கத்தைத் தமிழில் தருவதைவிட, ஆங்கிலத்திலேயே விட்டுவைப்பது மேல்.